அஞ்சு பேர் லேபிள்

இங்கிலாந்துப் பாட்டுக்காரர்கள் நான்கு பேரை என் கையால் சுரண்டி எடுத்திருக்கிறேன். மூன்று பேரை உத்தரவுப்படி. ஒருவரைத் தவறுதலாக. இதையெல்லாம் இந்த வயதில் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தேன், பிரஸ் பையன்கள் சொல்ல வைத்துவிட்டார்கள்.

போன ஆயுத பூஜைக்குச் சிவகாசி திருத்தங்கல் ரோட்டில் உள்ள ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் சுண்டலும் மரியாதையும் கிடைக்கும், விடலாமா? அங்கே வேலை பார்க்கும் ஒரு இளவட்டம் போனில் படம் காட்டினான். நரைத்த தலைகளோடு ஐந்து பேர் கிட்டாரும் கையுமாக நின்றார்கள். "ஐயா, இது அறுபது வருசப் பழைய இங்கிலீஷ் பேண்டு. ஆரம்பத்துல இருந்த ஆள் ஒருத்தர்கூட இப்ப இல்லையாம். ஆனா பேரு மட்டும் அதேதான். இதை அதே பேண்டுன்னு எப்படிச் சொல்லுதாக?" என்றான். அவனும் இன்னொருவனும் காலையிலிருந்து இதற்கே சண்டை.

நான் பெயரைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அந்த எழுத்துகளை வருஷக்கணக்கில் கல்லில் படமாகப் பார்த்திருக்கிறேன், அதுவும் திருப்பிப் போட்டு. அதனால் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "ஏலே, இவங்க நம்ம மத்தாப்புப் பெட்டி ஆளுகல்லா!" என்று கத்திவிட்டேன். சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் ஆமத்தூர்க்காரன். ஐம்பதுகளில் சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் சேர்ந்தேன். லித்தோ என்றால் கல் அச்சு. வழவழப்பான பெரிய கல்லில் கொழுப்பு மையால் படம் வரைந்து, அதிலிருந்து காகிதத்தில் அச்செடுப்பது. கல்லை இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடியும். வேலை முடிந்த கல்லைத் தண்ணீரும் மணலும் போட்டு, இன்னொரு கல்லால் தேய்த்துப் பழைய படத்தை அழித்தால்தான் அடுத்த படம் வரைய முடியும். அந்தத் தேய்ப்புத் தொட்டியில் ஏழு வருஷம் நின்றேன். சாமி படம், சோப்புப் படம், சேவல் மார்க் தீப்பெட்டி என்று சிவகாசியில் அச்சான பாதி ஜீவராசிகளை நான் தேய்த்து அழித்திருப்பேன். விரல் இடுக்கெல்லாம் புண். சோற்றில் கை வைத்தால் எரியும். பிறகு ஒருவழியாக மேலே ஏறி, ஆர்ட்டிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஏழு வருஷத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் ஃபோர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மையிலேயே புழங்குகிற மனுஷர் மேல் ஒரு பொட்டு மை இருக்காது. சோதனைக்கு எடுக்கிற முதல் அச்சை, அதாவது புரூஃபை, தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் படம் அழகாக இருக்கிறது என்று மனசு மயங்கிவிடுமாம், தலைகீழாகப் பார்த்தால்தான் குற்றம் தெரியுமாம். பாராட்டு என்பது அவர் வாயில் வந்ததே கிடையாது. சந்தோஷமாக இருந்தால் "ஏலே" என்பார். கொஞ்சம் வருத்தம் என்றால் 'ஏலே' போய் வெறும் பெயர்தான் மிஞ்சும். கோபம் தலைக்கேறிவிட்டால் மட்டும் மரியாதை பொங்கி வழியும். "வாங்க, உட்காருங்க, காபி சாப்பிட்டீகளா?" என்று அவர் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவனுக்கு அன்று வயிற்றில் எதுவும் தங்காது.

அறுபதுகளின் நடுவில் கல்கத்தா பார்ட்டி ஒருவரிடமிருந்து ஆர்டர் வந்தது. அவர் கடை இருந்த தெருவில் ஆங்கிலோ இந்தியர்கள் அதிகமாம். கிறிஸ்துமஸுக்கு மத்தாப்பு கொளுத்துவார்களாம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இங்கிலாந்துப் பாட்டுக்காரர்கள் மேல் உயிராம். அவர்கள் முகத்தையும் பெயரையும் போட்டுக் கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று பத்திரிகைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அண்ணாச்சியே உட்கார்ந்து வரைந்தார். ஐந்து முகமும் புள்ளி புள்ளியாக, கோடே இல்லாமல். நிறத்துக்குத் தனித்தனிக் கல், முகம் எல்லாம் கறுப்புக் கல்லில். அந்தக் கறுப்புக் கல்லின் மூலையில் ஒரு பூவை வரைய எனக்கு அனுமதி கிடைத்தது.

அந்த லேபிளைப் பெட்டியில் ஒட்டியது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்த பட்டாசு ஆபீஸில். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். ஒட்டுகிற பெண்கள் ஐந்து பேருக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். இடமிருந்து நெட்டையன், உம்மணாமூஞ்சி, கோவக்காரன், சிரிச்சமொகம், தூங்குமூஞ்சி. யார் பாடுகிறவர், யார் கொட்டு அடிக்கிறவர் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கல்கத்தாக்காரருக்கு லேபிள் பிடித்துப்போனது. ஆனால் அந்தப் பாட்டுக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம், ஒன்றாக இருக்கவே மாட்டார்கள். இரண்டாம் வருஷமே கடிதம் வந்தது. ஒருவர் விலகிவிட்டார், புது ஆளைப் போடவும், பழைய முகம் இருந்தால் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று. எந்த ஆளை என்று இடம் குறித்து எழுதியிருந்தார்: இடமிருந்து இரண்டாவது.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏலே குருசாமி, நீயே பாரு" என்றார். முகம் வரைய எனக்குக் கிடைத்த முதல் வேலை. தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு முகத்துக்காக முழுக் கல்லையும் தேய்க்க மாட்டோம். அந்த இடத்தை மட்டும் சுரண்டுகத்தியால் மெல்லச் சுரண்ட வேண்டும். பிறகு படிகாரத் தண்ணீரால் கழுவினால் அந்த இடம் மறுபடி மையைப் பிடிக்கும். அதன்மேல் வரைய வேண்டும். கை கல்லில் படக்கூடாது. உள்ளங்கை வியர்வையும் கொழுப்புதான், அதுவும் அச்சில் விழுந்துவிடும். அதனால் கல்லுக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டம் வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு வரைவோம். கல்லில் படம் திரும்பித்தான் இருக்கும். அப்படி வரைந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். வருஷக்கணக்காகத் திரும்பிய படங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். எழுத்து நேராக இருந்தால்தான் எனக்குத் தப்பாகத் தெரியும்.

சிரிச்சமொகத்தைச் சுரண்டும்போது உள்ளபடியே வருத்தமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனுஷர் ஏன் விலகினார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்து, கடிதத்தோடு வந்த அந்த ஒரு ஆள் படத்தைப் பார்த்துப் புது முகத்தைப் புள்ளி வைத்து முடித்தேன். திங்கட்கிழமை காலை புரூஃப் எடுத்து, கையைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி பக்கத்தில் நின்றேன்.

அவர் தலைகீழாகப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பிறகு புரூஃபை நேராகத் திருப்பினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"வாங்க ஆர்ட்டிஸ்ட் சார், உட்காருங்க. காபி சாப்பிட்டீகளா?" என்றார்.

நான் உட்காரவில்லை.

"இடமிருந்து ரெண்டாவதுன்னு எழுதியிருக்காக. நீங்க கல்லைப் பாத்து எண்ணியிருக்கீக. கடுதாசி எழுதினவுக காகிதத்தைப் பாத்துல்ல எண்ணியிருப்பாக?"

அப்போதுதான் புரிந்தது. காகிதத்தில் இடமிருந்து இரண்டாவது உம்மணாமூஞ்சி. கல்லில் இடமிருந்து இரண்டாவது சிரிச்சமொகம். போக வேண்டியவர் உம்மென்று உட்கார்ந்திருந்தார். இருக்க வேண்டியவரை நான் சுரண்டிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை காலண்டர் வேலை மிஷின்ல ஏறுது. வியாழக்கிழமைக்குள்ள இந்த லேபிள் ஓடணும், இல்லைன்னா கிறிஸ்துமஸ் லோடு போகாது. அதுக்குள்ள அந்தச் சிரிக்கிறவரு கல்லுக்குத் திரும்பி வந்துட்டா, நீங்க இந்த நாற்காலியில இருங்க. வரலைன்னா, தொட்டி இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச இடந்தானே."

நான் தொட்டிக்குத் திரும்பிப் போக முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தை மாதம் எனக்குப் பரிசம் போடுவதாக இருந்தது. பெண் ஏழாயிரம்பண்ணை, பெயர் பேச்சியம்மாள். அவள் அப்பா என் அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி. "மாப்பிள்ளை கல்லுத் தேய்க்கிறவரா, படம் வரையிறவரா?" தேய்க்கிறவனின் கையை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். படம் வரைகிறவன் என்று அக்கா சத்தியம் செய்யாத குறைதான்.

பார்த்து வரைய, பிரஸ்ஸில் வைத்திருந்த பழைய லேபிளின் ஃபைல் காப்பியை எடுத்தேன். கரையான் அரித்திருந்தது. நெட்டையனும் உம்மணாமூஞ்சியும் கோவக்காரனும் முழுசாக இருந்தார்கள். சிரிச்சமொகத்தில் இருந்து வலது பக்கம் பூராவும் மண். கரையானுக்குக்கூட இடது வலது சரியாகத் தெரிந்திருக்கிறது. முதலில் வந்த பத்திரிகைப் படத்தைக் கல்கத்தாக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டு விட்டார். பழைய லேபிள் மிச்சம் எங்காவது இருந்தால் அது பட்டாசு ஆபீஸில்தான் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். பேச்சியம்மாள் வேலை பார்ப்பதும் அதே ஆபீஸ்தான் என்பது பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகே நினைவுக்கு வந்தது. இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒட்டுகிற ஷெட்டில் முப்பது பெண்கள் இருந்தார்கள். பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை ஷெட் வாசலில் வந்து நின்றால் சும்மா இருப்பார்களா? "பேச்சி, தை வரைக்கும் தாங்கலையாம்!" என்று ஒருத்தி சொல்ல, பசைச் சட்டிகூடச் சிரித்தது. நான் மேஸ்திரி அம்மாவிடம் பழைய லேபிள் கேட்டேன். மிச்சம் எதுவுமே இல்லை, எல்லாம் பெட்டியோடு போய்விட்டது என்றார்.

"ஏன் இல்லாம? சிரிச்சமொகம் பேச்சி பலகையில இருக்காருல்லா" என்றாள் ஒரு கிழவி.

ஒட்டுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பலகை உண்டு. லேபிளைக் கவிழ்த்துப் போட்டுப் பசை தடவுகிற பலகை. பேச்சியம்மாள் தன் பலகையின் மூலையில் சிரிச்சமொகத்தை மட்டும் கத்தரித்து ஒட்டியிருந்தாள். ஒரு வருஷமாகப் பசைமேல் பசை காய்ந்து, கண்ணாடி போட்டதுபோல் இருந்தது. உரித்தால் கிழிந்துவிடும்.

நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண், யாரோ ஒரு இங்கிலாந்துக்காரனைப் பலகையில் வைத்திருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். அன்று அவனைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "என்னத்துக்கு வச்சேன்னு நெனைக்காதீக. நாள் பூரா உம்முன்னு இருக்கிற மொகமாத் தடவித் தடவி ஒட்டுதோம். ஒருத்தராவது சிரிச்சுக்கிட்டு இருக்கட்டுமேன்னுதான். நீங்க வரைஞ்சதுன்னு வேற அப்பா சொன்னாக" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பலகையை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை.

"இதை வரைஞ்சது நான் இல்ல. ஃபோர்மேன் அண்ணாச்சி. அழிச்சதுதான் நான்" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். வியாழக்கிழமை தவறினால் தொட்டிக்குப் போய்விடுவேன் என்பதையும் சொன்னேன்.

பலகையில் இருந்த முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அப்ப இந்த லேபிள்ல நீங்க என்னதான் வரைஞ்சீக?"

"மூலையில ஒரு பூ."

"பூவா?" என்று தலையை நிமிர்த்தினாள். "அதை நாங்க முள்ளங்கின்னுல்ல நெனச்சோம்!"

அதுவரை அடக்கி வைத்திருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் நானும் சிரித்துவிட்டேன். அந்த நிமிஷத்தில்தான் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். மாசியில் நடந்தது ஊருக்காக.

பிறகு ஒரு விரலால் சிரிச்சமொகத்தின் வாயை மறைத்தாள். "இப்பப் பாருங்க. இப்பவும் சிரிக்காருல்லா?" ஆமாம், சிரித்தார். விரலை எடுத்துக் கண்ணுக்குக் கீழே வைத்தாள். உடனே அந்த முகம் கடன்காரனைக் கண்ட முகமாகிவிட்டது. "சிரிப்பு வாயில இல்ல, இங்கன இருக்கு. ஆயிரம் தடவை பாத்திருக்கேன்" என்றாள். அவள் விரல் வைத்த இடத்தில் நாலே நாலு புள்ளி, பிறை மாதிரி.

பலகை இல்லாவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது. பக்கத்தில் இருப்பவள் பலகையில் ஒதுங்கி ஒட்டிக்கொள்வதாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை பலகை வந்துரணும். கொண்டு போறவரும் வந்துரணும்" என்றாள். பஸ்ஸில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் சீட்டுப் போட்டார்.

புதன்கிழமை பலகையை ஒரு கண்ணாடிக்கு எதிரே நிறுத்தினேன். கண்ணாடிக்குள் திரும்பித் தெரியும் முகத்தைப் பார்த்துக் கல்லில் வரைய வேண்டும். முதலில் நான் போட்டிருந்த தப்பு முகத்தை மறுபடி சுரண்டினேன். ஒரே இடத்தில் இரண்டு தடவை சுரண்டியதால் அங்கே லேசாகக் குழி விழுந்துவிட்டது. இன்னொரு தடவை சுரண்டினால் கல் தாங்காது. ஆக, ஒரே வாய்ப்பு. அண்ணாச்சி பின்னால் நடந்துகொண்டே, "மெதுவா வரைங்க, அவசரமே இல்லீங்க" என்பார். அந்த 'ங்க' ஒவ்வொன்றும் முதுகில் ஊசி மாதிரி இறங்கும். மூக்கு, தாடை, தலைமுடி எல்லாம் முடித்துவிட்டு, அந்த நாலு புள்ளியைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வைப்பதற்கு முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அதன்பிறகு விடிய விடிய உட்கார்ந்து, உம்மணாமூஞ்சியை, இந்தத் தடவை சரியான இடத்தில், எடுத்துவிட்டுப் புது ஆளைப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை முதல் புரூஃபில் சிரிச்சமொகம் மங்கலாக விழுந்தார். குழியில் அழுத்தம் போதவில்லை. என்னைத் தொட்டிக்கு அனுப்ப அண்ணாச்சிக்கு அதுவே போதும். ஆனால் அவர் மிஷினை நிறுத்தினார். மெல்லிய தாளை எடுத்துக் கையால் கிழித்தார். கத்தரித்தால் ஓரம் கோடாக விழுந்துவிடும், கிழித்தால்தான் விழாது. அந்தத் துண்டை மிஷின் உருளையின் துணிக்கு அடியில் முகம் வரும் இடமாகப் பார்த்து ஒட்டினார். அதன்மேல் அதைவிடச் சின்னதாக இன்னொரு துண்டு. அடுத்த தாள் ஓடி வந்தது.

அண்ணாச்சி அதைத் தலைகீழாகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டை விரலால் வாயை மறைத்துப் பார்த்தார். அவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கிறது. தெரியாமலா வரைந்திருப்பார்!

தாளை வைத்தார். "ஏலே, காலையில இருந்து சாப்பிடாம நிக்கியே, கிறுக்குப் பயலே, போய்ச் சாப்பிடு" என்றார்.

அந்த 'ஏலே' காதில் விழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹோட்டலுக்குப் போய் எட்டு இட்லி சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பலகையைத் திருப்பிக் கொடுத்தேன். தையில் பரிசம், மாசியில் கல்யாணம். மாமனாருக்கு இந்தக் கதை கடைசி வரை தெரியாது.

அடுத்த இரண்டு வருஷத்தில் நெட்டையனும் போனார், கோவக்காரனும் போனார். கடிதம் சொன்ன இடத்தைக் காகிதத்தில் ஒரு தடவை, கல்லில் ஒரு தடவை எண்ணிப் பார்த்து, இருவரையும் ஒழுங்காகச் சுரண்டினேன். அதற்கடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. படித்துச் சொன்ன கிளார்க்கின் குரலே இறங்கிவிட்டது. சிரிக்கிறவர் விலகிவிட்டார், அவர் இடத்தில் புது ஆள்.

வீட்டில் பேச்சியம்மாளிடம் சொன்னேன். "சுரண்டுங்க, சுரண்டுங்க. நல்லாச் சுரண்டுங்க" என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

மறுநாள் சுரண்டுகத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கல் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை. அண்ணாச்சி வந்து பின்னால் நின்றார். குழி விழுந்த இடத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"மூணாந்தடவை இந்த இடம் தாங்காதுலே. கல்லு பாழாப் போகும்" என்றார். பிறகு மூலையைக் காட்டினார். "புது ஆளை அங்கன உக்கார வையி. அந்த முள்ளங்கியை எடுத்துரு."

முள்ளங்கி என்று அவரும் சொன்னதுதான் எனக்குப் பெரிய அடி. என் பூவை நானே சுரண்டினேன். அந்த இடத்தில் புது ஆள் வந்து உட்கார்ந்தார். ஐந்து பேர் லேபிளில் ஆறு பேர் ஆனார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கல்கத்தாவிலிருந்து கார்டு வந்தது. சரக்கெல்லாம் விற்றுவிட்டது, ஆனால் பாட்டுக்காரர்கள் ஐந்து பேர்தானே, விலகிப்போனவர் ஏன் இன்னும் இருக்கிறார் என்று கேட்டிருந்தார். அண்ணாச்சி கிளார்க்கைக் கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"உங்க ஆளுக போவாக, வருவாக. அது உங்க பாடு. அவரு எங்க கம்பெனி ஆளு, இங்கனதான் இருப்பாரு."